வீடு கிடைத்தது, நிழல் எங்கே?

2024 ஏப்ரல் மாதம், ஒரு புதன்கிழமை. மத்தியானம் இரண்டு மணி இருக்கும். தோட்டத்தை விட்டு வெளியேறிய நம் மக்கள் குடியிருக்கும் ஒரு தாமானுக்குச் சங்க வேலையாகப் போயிருந்தேன். மோட்டார் சைக்கிளை நிழலில் நிறுத்தலாம் என்று பார்த்தால், நான்கு வரிசை வீடுகளுக்கும் சேர்த்து ஒரு மரம் இல்லை. சடக்கோரத்து பஸ் நிறுத்தத்தில் மட்டும் ஒரு கூரை. அதன் கீழே ஒரு பெரியம்மா தனியாக உட்கார்ந்திருந்தார். எங்கள் தோட்டத்துக்காரர்தான். என் தாயாரோடு ஒரே நிரையில் மரம் வெட்டியவர்.

“என்ன பெரியம்மா, பஸ்ஸுக்கா?” என்றேன்.

“பஸ்ஸாவது ஒண்ணாவது! வீட்டுக்குள்ள இருக்க முடியல தம்பி. அடுப்புக்குள்ள உட்கார்ந்த மாதிரி இருக்கு. இங்கதான் கொஞ்சம் காத்து வருது. அஞ்சு மணிக்கு மேலதான் வீட்டுக்குப் போவேன்” என்றார். கொஞ்ச நேரம் கழித்து அவரே சொன்னார்: “முப்பது வருஷம் மரத்துக்குக் கீழயே பொழச்சேன். இப்ப நிழலுக்கு பஸ் ஸ்டாப்பு தேடி வர்றேன் பாரு.”

எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. ஏன் வரவில்லை என்பதை எழுதத்தான் இன்று உட்கார்ந்திருக்கிறேன்.

பழைய லயத்து வீடுகளைப் பற்றிப் பொய் பேச நான் தயாராக இல்லை. ஒழுகும் தகரக் கூரை, பத்து வீட்டுக்கு ஒரு குழாய், மழை பெய்தால் அஞ்சடி வரைக்கும் சேறு. அந்த வீடுகளுக்காக யாரும் அழ வேண்டியதில்லை. ஆனால் லயத்து வாசலில் மரம் இருந்தது. எங்கள் லயத்தின் முன்னால் இரண்டு ரம்புத்தான், ஒரு மாமரம், கடைசி வீட்டுப் பக்கம் ஒரு பலா. பகல் இரண்டு மணிக்கு வீட்டுக்குள் யாரும் இருக்க மாட்டார்கள், எல்லாரும் மரத்தடியில்தான். அரிசி புடைப்பதும், பேன் பார்ப்பதும், பிள்ளைகள் வீட்டுப்பாடம் எழுதுவதும் அங்கேதான். எங்கள் கிளையின் கூட்டங்கள் கூட மாமரத்தடியில்தான் நடந்தன. நான் முதன்முதலாக நாலு பேர் முன்னால் பேசியது அங்கேதான். பேசி முடிப்பதற்குள் முசுறு சட்டைக்குள் போய்விட்டது. அதனால் பேச்சு சுருக்கமாக அமைந்தது என்று பெரியவர்கள் பாராட்டினார்கள்.

பின்னால் தோட்டம் செம்பனைக்கு மாறியது. லயம் இருந்த இடத்தையும் மறுநடவுக்கு எடுத்தார்கள். வீடுகளுக்கு முன்னே மரங்கள் போயின. ஒரே காலைப் பொழுது, ஒரு இயந்திரம், நாலு மரம். கோயில் பக்கத்து அரசமரத்தை மட்டும் ஓட்டுநர் தொட மறுத்துவிட்டார். சாமிக்குப் பயந்தாவது ஒரு மரம் தப்பியது.

இப்போது என் தவற்றுக்கு வருகிறேன். அந்தத் தோட்டத்து மக்களுக்கு வீடு கேட்டு நிர்வாகத்தோடு நடந்த பேச்சுவார்த்தையில் நானும் உட்கார்ந்திருந்தேன். 2011-ஆம் ஆண்டு. அப்போது எனக்கு முப்பது வயது கூட முடியவில்லை. மூன்று அறை வேண்டும் என்று கேட்டோம். தண்ணீர், மின்சாரம், தார்ச் சடக்கு, பாலர் பள்ளிக்கு இடம், கோயிலுக்கு இடம் எல்லாம் கேட்டோம். பல தடவை எழுந்து வெளியே வந்தோம். கடைசியில் வீடு கிடைத்தது. அது சாதாரண வெற்றி அல்ல. ஆனால் எங்கள் கோரிக்கைத் தாளில் மரம் என்ற ஒரு சொல் இல்லை. வரைபடத்தை மேசைமேல் விரித்துக் காட்டியபோது அறைகளை எண்ணினேனே தவிர, வெயில் எந்தப் பக்கம் விழும் என்று பார்க்கத் தோன்றவில்லை. மரம் என்பது தானாக இருப்பது, அதை எவனாவது கேட்டு வாங்குவானா என்ற நினைப்பு.

நம் முன்னோருக்கு அந்த நினைப்பு இல்லை போலும். வெள்ளைக்காரன் காலத்து 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்திலேயே, குடும்பத்தோடு வாழும் தோட்டத் தொழிலாளிக்கு ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு நிலம் பயிர் செய்யவோ மாடு மேய்க்கவோ ஒதுக்க வேண்டும் என்று இருந்தது. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஏறக்குறைய 2,700 சதுர அடி! எல்லாத் தோட்டத்திலும் கொடுத்தார்களா என்பது வேறு பேச்சு. ஆனால் ஏட்டில் இருந்தது. இன்று நம்மவருக்குக் கிடைத்த வரிசை வீடு இருபதுக்கு அறுபது. வீடும் சேர்த்து 1,200 சதுர அடி. முன்னால் மிஞ்சுவது இருபதடிக்கு இருபதடி. அதையும் கார் கொட்டகைக்கு என்று சிமிண்டு போட்டு மூடிவிட்டோம். கார் இல்லாதவர்கள்கூட மூடிவிட்டார்கள்!

வெயில் பழைய வெயிலாக இல்லை என்று பெரியவர்கள் சொல்வதை வெறும் புலம்பல் என்று தள்ள வேண்டாம். இந்த நாட்டில் பதிவான மிக உயர்ந்த வெப்பம் 40.1 டிகிரி. 1998 ஏப்ரல் 9-ஆம் தேதி, பெர்லிஸ் சூப்பிங்கில். 2016 ஏப்ரலில் பெர்லிசிலும் கெடாவின் சில பகுதிகளிலும் வெப்பம் தாங்காமல் பள்ளிக்கூடங்களை மூடினார்கள். வானிலை ஆய்வுத் துறை மூன்று படி வைத்திருக்கிறது: தொடர்ந்து மூன்று நாள் 35 டிகிரிக்கு மேல் போனால் எச்சரிக்கை, 37-ஐத் தாண்டினால் வெப்ப அலை, 40-ஐத் தாண்டினால் கடும் வெப்ப அலை. அந்த டிகிரி நிழலில் வைத்த கருவி காட்டுவது. கூரைக்குக் கீழே, மேற்குப் பார்த்த சுவரோடு ஒட்டிப் படுத்திருக்கும் கிழவிக்கு எத்தனை டிகிரி என்று எந்தத் துறையும் அளப்பதில்லை.

“ஏர்கோன் போடலாமே” என்று ஒரு தம்பி கேட்டார். போடலாம். 2025 பிப்ரவரியில்தான் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி ஆனது. அதில் வீட்டுக் கடன், பிள்ளைகள் படிப்பு, பாசா செலவு போக, பகல் முழுதும் ஏர்கோன் ஓட்டி எத்தனை மாதம் தாக்குப் பிடிப்பீர்கள்? மரத்துக்கு பில் வராது. மரம் வெயிலை மறைப்பதோடு நிற்பதில்லை. வேர் உறிஞ்சிய தண்ணீரை இலை வழியாக ஆவியாக விட்டுச் சுற்றியுள்ள காற்றையும் குளிர வைக்கிறது. காலையில் பால் வெட்டப் போனவர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. காட்டுக்குள் நுழைந்ததும் உடம்பு சொல்லும்.

சரி, ஏன் நடவில்லை? வீடு வீடாகக் கேட்டுப் பார்த்தேன். இலை கொட்டும், கூரைத் தாழ்வாரம் அடைத்துக்கொண்டு கொசு வரும் என்கிறார்கள். வேர் சுவரை உடைக்கும், பாம்பு வரும், பக்கத்து வீட்டுக்காரரோடு சண்டை வரும் என்கிறார்கள். ஒன்றும் பொய்யல்ல. ஒரு மாமரத்தின் கிளை வேலியைத் தாண்டியதற்காக, முப்பது வருடம் ஒரே லயத்தில் இருந்த இரண்டு குடும்பங்கள் பேச்சு வார்த்தையை நிறுத்திக்கொண்டன. நான் சமாதானம் பேசப் போனேன். நிர்வாகத்தோடு சம்பளம் பேசுவதைவிட அது கஷ்டமாக இருந்தது. கடைசியில், வேலியைத் தாண்டிய கிளையின் பழம் பக்கத்து வீட்டுக்கு, விழும் இலையைக் கூட்டுவது மரத்துக்காரர் வேலை என்று முடிவானது.

ஆனால் இந்தத் தொல்லைகளில் பாதி, தப்பான மரத்தைத் தப்பான இடத்தில் வைப்பதால் வருவது. தைப்பிங் ஏரிப் பூங்காவில் 1880-களில் வைத்த தூங்குமூஞ்சி மரங்கள் இன்றும் சடக்கின் மேலே கிளையை நீட்டிக்கொண்டு நிற்கின்றன. சாயங்காலம் இலையை மூடிக்கொள்வதால் மலாய்க்காரர்கள் அதை ‘புக்குல் லிமா’ என்றும் சொல்வார்கள். நிழல் என்றால் அது நிழல்! அதைப் பார்த்துவிட்டு வந்து இருபதடி வாசலில் அதே கன்றை வைத்தால் என்ன ஆகும்? அந்த மரத்தின் குடையே ஒரு வரிசை வீட்டை மூடிவிடும். ஆங்சானா நம் ஊர் வேங்கைக்கு உறவு. கிளையை வெட்டி நட்டாலே வேர் பிடிக்கும், சீக்கிரம் வளரும். அதுவும் திடலுக்கும் சடக்கோரத்துக்கும் உரியது. கெத்தாப்பாங் இலை பெரிது, மொத்தமாகக் கொட்டும், தாழ்வாரத்துக்கு எமன். ஆலையும் அரசையும் கோயிலுக்கு விட்டுவிடுங்கள். அவற்றின் வேர் சாக்கடையையும் கழிவுநீர்க் குழாயையும் தேடிப் போகும். டுரியான் வேண்டவே வேண்டாம். காரணம் சொல்லத் தேவையில்லை. முருங்கை சமையலுக்கு நல்லது, ஆனால் முருங்கை நிழல் சல்லடை நிழல். காற்றில் சட்டென்று ஒடியவும் செய்யும்.

சின்ன வாசலுக்கு என் கட்சி ரம்புத்தான்தான். ஒட்டுக் கன்றாக வாங்க வேண்டும். கொட்டை போட்டு முளைக்க வைத்தால் ஆண் மரமாகப் போய், காலம் முழுக்க ஒரு பழம் இல்லாமல் நிற்கும். ஒட்டுக் கன்றை மூன்று நான்கு வருடத்தில் காய்க்க வைக்கலாம். பழம் முடிந்ததும் ஆண்டுதோறும் கவாத்து செய்தால் பதினைந்தடி உயரத்திலேயே நிறுத்தலாம். அடர்த்தியான இலை, வருடம் முழுக்க நிழல். மாமரமும் அப்படியே ஒட்டுக் கன்றாக வைத்துத் தலையைத் தாழ்த்தியே வளர்க்கலாம். பெர்லிஸ் ஹாரும் மானிசுக்கு ஆசைப்பட்டு சிலாங்கூரில் வைத்துக் காத்திருக்காதீர்கள். அதற்கு வறண்ட காலம் வேண்டும். சோக் ஆனான் மாதிரி ரகங்கள் நம் பக்கத்து மழைக்கு ஒத்துப்போகும். பழமே வேண்டாம், ஈ மொய்க்கும் என்பவர்களுக்கு மகிழமரம் இருக்கிறது. மலாயில் ‘புங்கா தஞ்சோங்’. வளர மெதுவாக வளரும். ஆனால் குடை மாதிரி அடர்ந்து நிற்கும், பூ வாசம் தெருவுக்கே வரும். வேம்பு வைக்க ஆசைப்படுவோர் மண்ணைப் பார்க்கவும். தண்ணீர் தேங்கும் களிமண்ணில் வேம்பு நோஞ்சானாகிவிடும்.

எங்கே வைப்பது? பகல் பன்னிரண்டு மணி வெயில் நம் நாட்டில் உச்சந்தலைக்கு மேலே நிற்கிறது; அதற்குக் கூரைதான் மறைப்பு. சுவரைச் சுடுவது மத்தியானத்துக்கு மேல் வரும் மேற்கு வெயில். ஆகவே வாசல் மேற்குப் பார்த்தால் வாசலில், பின்புறம் மேற்கு என்றால் பின்புறத்தில். சுவரிலிருந்து பத்தடியாவது தள்ளி. கழிவுநீர் மூடி எங்கே இருக்கிறது, மின்கம்பி எங்கே போகிறது என்று முதலில் பாருங்கள். வாசல் முழுக்கச் சிமிண்டு என்றால், நாலடிக்கு நாலடி உடைத்தெடுங்கள். காருக்கு இடம் போய்விடாது.

நடுவதிலும் நம்மவர் அவசரப்படுகிறோம். தாமான் மண் மண்ணே அல்ல. குத்தகைக்காரர் கொட்டிவிட்டுப் போன செம்மண்ணும் செங்கல் துண்டும் சிமிண்டுக் கட்டியும். ஒரு முழங்கைக் குழி போதாது. கன்றுப் பையைவிட இரண்டு மடங்கு அகலமாகத் தோண்டி, கல்லைப் பொறுக்கி எறிந்துவிட்டு, மக்கிய ஆட்டெருவும் நல்ல மண்ணும் கலந்து போடுங்கள். கன்றைப் பிளாஸ்டிக் பையோடு வைத்துவிட்டு “பிடிக்கலண்ணே” என்று வருகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்! பையைக் கிழித்து, சுருண்ட வேரைப் பிரித்துவிட வேண்டும். மேற்கு ஓர மாநிலங்களில் அக்டோபர், நவம்பர் மழை தொடங்கும்போது நட்டால் பாதி வேலையை வானம் பார்த்துக்கொள்ளும். மேற்குப் பக்கம் ஒரு வாழைக்கன்றைத் துணைக்கு வைத்தால் முதல் வருட வெயிலை அது வாங்கிக்கொள்ளும். எண்ணெய் ஆலையில் கிடைக்கும் காய்ந்த வெறுங்குலை இரண்டைச் சுற்றிலும் போடுங்கள். தண்டோடு ஒட்டாமல் ஒரு சாண் தள்ளி. ஈரம் நிற்கும், புல் வராது. குப்பையைக் கொளுத்தும் இடமாக மட்டும் மரத்தடியை ஆக்கிவிடாதீர்கள்.

இதற்கு மேல் நான் சொல்வதை நம் பால்வெட்டுத் தொழிலாளர்கள் கவனிக்க வேண்டும். ஏனென்றால் இது உங்கள் தொழில். மரத்தில் உயிர் எங்கே ஓடுகிறது என்பது உங்கள் உளிக்குத் தெரியும். கத்தி ஆழமாகப் போய்க் கட்டையைத் தொட்டால் புதுப்பட்டை சரியாக வளராது, முடிச்சு முடிச்சாக வரும், மண்டோர் திட்டுவார். மெல்லிய தோலை மட்டும் சீவி, உயிர்ப்பட்டையைத் தொடாமல் விட்ட கை உங்கள் கை. கிளை வெட்டுவதும் அதே நுணுக்கம்தான். கிளை தண்டோடு சேரும் இடத்தில் கழுத்துப் போல ஒரு வீக்கம் இருக்கும். அந்தக் கழுத்தை விட்டு, அதற்கு வெளியே வெட்ட வேண்டும். தண்டோடு மழித்தாலும் தப்பு, முளைபோல நீட்டி விட்டாலும் தப்பு. கனத்த கிளை என்றால் முதலில் அடியிலிருந்து ஒரு வெட்டு, பிறகு மேலிருந்து. இல்லையானால் பட்டையை உரித்துக்கொண்டு விழும். கழுத்து முழுசாக இருந்தால் காயம் தானே மூடும்.

குத்தகை ஆட்கள் செய்வது என்ன? ரம்பத்தைக் கொண்டுவந்து மரத்தின் தலையையே சீவிவிட்டுப் போகிறார்கள். வெட்டிய இடத்திலிருந்து கற்றை கற்றையாகக் கிளை வரும். பார்க்கத் தழைத்த மாதிரி இருக்கும், பிடிப்பு இராது. நாலு வருடம் கழித்துப் புயல் காற்றில் அந்தக் கிளைதான் கார் மேலே விழும். பழி மரத்துக்கு. எங்கள் வட்டாரத்தில் ஓய்வு பெற்ற ஒரு பால்வெட்டு மாமா இருக்கிறார். குத்தகையாள் தலைசீவிய மாமரத்தைப் பார்த்துவிட்டு, “எங்க கங்காணியா இருந்தா இவனுக்கு அன்னைக்கே பேரு கிழிஞ்சிருக்கும்” என்றார்.

மரம் விழும் என்ற பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. 2024 மே 7-ஆம் தேதி கோலாலம்பூர் சுல்தான் இஸ்மாயில் சாலையில் ஒரு பெரிய மரம் சாய்ந்து ஒருவர் உயிர் போனது. 17 வாகனங்கள் நசுங்கின. அதற்குப் பிறகு பல இடங்களில் “எங்க வீட்டு முன்னால இருக்கறதையும் வெட்டிடுங்க” என்று கூப்பாடு. பட்டுப்போன மரம், அடி அழுகிய மரம், சிமிண்டால் வேர் நெரிக்கப்பட்ட மரம் என்றால் வெட்டத்தான் வேண்டும். நல்ல மரத்தை வெட்டுவதற்குச் சட்டம் இருக்கிறது. 1976-ஆம் ஆண்டு நகர், கிராமத் திட்டமிடல் சட்டப்படி, தண்டின் சுற்றளவு 80 சென்டிமீட்டருக்கு மேல் போன மரத்தை ஊராட்சி மன்றத்தின் எழுத்துமூல அனுமதி இல்லாமல் சாய்க்கக் கூடாது. செத்த மரத்துக்கும், உடனடி ஆபத்தான மரத்துக்கும் விலக்கு உண்டு. சிங்கப்பூரில் காலி நிலங்களிலும் மரப் பாதுகாப்பு வட்டாரங்களிலும் ஒரு மீட்டர் சுற்றளவுதான் கணக்கு. குத்தகையாள் ரம்பத்தோடு வந்தால், “அனுமதிக் கடிதம் எங்கே?” என்று கேட்க ஒவ்வொரு தாயாருக்கும் உரிமை உண்டு. ஒரு தையல் டேப் போதும்.

சிங்கப்பூரைச் சொன்னதால் இதையும் சொல்லிவிடுகிறேன். 1963 ஜூன் 16-ஆம் தேதி லீ குவான் இயூ ஃபாரர் சர்க்கஸ் முனையில் ஒரு மெம்பாட் மரத்தை நட்டு மரம் நடும் இயக்கத்தைத் தொடங்கினார். 1971-லிருந்து நவம்பரில் அதற்கென ஒரு நாளே வைத்தார்கள். வீடும் மரமும் ஒரே திட்டத்தில் வந்தன. நம் நாட்டிலும் 2021-ஆம் ஆண்டில் 10 கோடி மரம் நடும் இயக்கம் தொடங்கியது. 2025 வரைக்கும் என்றார்கள். அந்தப் பத்துக் கோடியில் நம் தாமானுக்கு எத்தனை வந்தது என்று பெரியம்மாவைக் கேட்டால் தெரியும்.

வீடமைப்புத் திட்டத்தில் 10 விழுக்காடு நிலம் திறந்தவெளிக்கு என்பது நடைமுறை. எங்கள் தாமானிலும் அது இருக்கிறது. லாலாங் மண்டி, நடுவில் ஒரு துருப்பிடித்த ஊஞ்சல். தூங்குமூஞ்சியோ ஆங்சானாவோ அங்கே நிற்கட்டும் என்றுதான் இப்போது மாவட்ட மன்றத்துக்கு எழுதியிருக்கிறோம். இனிமேல் தோட்டத்து வீட்டுப் பேச்சுவார்த்தைக்குப் போகும் கிளைத் தோழர்கள் கோரிக்கைத் தாளில் இரண்டு வரி சேர்த்துக்கொள்ள வேண்டும்: சிமிண்டு போடாத ஐந்தடிச் சதுரம் ஒவ்வொரு வாசலிலும், திறந்தவெளியில் நிழல் மரங்கள், வீடு ஒப்படைக்கும் முன்பே நட்டு. அறை ஒன்று குறையும் என்று நிர்வாகம் மிரட்டினால் நம்ப வேண்டாம். மரத்துக்கு அறை தேவையில்லை. லயம் இடிபடும் முன் அங்குள்ள மரங்களைப் பட்டியல் எடுங்கள். குடியிருப்பு எல்லைக்குள் வருவதை நிறுத்தி வைக்கச் சொல்லுங்கள். முப்பது வருட மாமரத்தை எந்த நர்சரியிலும் வாங்க முடியாது.

பெரியம்மா வாசலில் அந்த ஆண்டு நவம்பரில் சிமிண்டை உடைத்தோம். மகன் முதலில் முகம் சுளித்தார், பிறகு அவரே கடப்பாறையைப் பிடுங்கிக்கொண்டார். ரம்புத்தான் ஒட்டுக் கன்று, பக்கத்தில் வாழை. வாழை தார் போட்டுவிட்டது. ரம்புத்தான் இப்போது என் தோள் உயரம். நிழல் என்று சொல்ல இன்னும் மூன்று நான்கு வருடம் ஆகும். பெரியம்மாவுக்கு வயது 74. “நான் இருப்பேனோ என்னவோ” என்று சொல்லிக்கொண்டே அரிசி கழுவின தண்ணீரைக் கொண்டுபோய் ஊற்றுகிறார். பகலில் இன்னும் பஸ் நிறுத்தத்தில்தான் உட்காருகிறார்.

மழை தொடங்கியதும் அடுத்த வரிசையில் பதினொரு வீட்டுக்குக் குழி வெட்ட இருக்கிறோம். மண்வெட்டி இருப்பவர்கள் ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு வந்துவிடுங்கள். எட்டரைக்கு மேல் அங்கே நிற்க முடியாது.